மஞ்சள் கிரேன், சிவப்புக் கிரேன்

டிசம்பர் 3

பல் செட் செய்யும் எங்கள் லேபில் இன்று மூச்சு விட நேரமில்லை. வருஷக் கடைசி வந்தாலே பல் போனவர்களுக்கெல்லாம் திடீரென்று சிரிக்க ஆசை வந்துவிடும் போலிருக்கிறது. எல்லா டாக்டரும் அவசரம் அவசரம் என்று அச்சு அனுப்புகிறார்கள். மெழுகில் பல் வரிசை வைத்து வைத்து என் விரல் நுனியெல்லாம் ரோஸ் நிறம்.

பக்கத்து மேஜை பாலிஷ்காரி வழக்கம்போல வாயை மூடவில்லை. "பசங்களுக்கு லீவுக்கு என்னடி வாங்கப் போற?" என்றாள். கடவுளே, அதை மறந்தே போயிருந்தேன்.

நான் கட்டிக்காக்கும் பழக்கம் என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. பள்ளி விடுமுறையின் முதல் நாள், பிள்ளை கண் விழிக்கும்போது தலையணைப் பக்கத்தில் ஒரு பரிசு இருக்க வேண்டும். வாலுவின் அப்பா எங்களை விட்டுப் போன வருஷம் ஆரம்பித்தேன். அப்போது ஒரு தலையணை. இந்த வருஷம் இரண்டு. வாலு என் மகன், ஐந்து வயது. பாப்பா இவருடைய மகள், ஏழு வயது. அவள் அம்மா இறந்த பிறகு இவருடைய அக்கா வீட்டில் வளர்ந்தாள். எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம், ஜூனில், இங்கே வந்தாள்.

இவரிடம் கேட்டேன். டிப்போவில் பஸ்ஸுக்கு அடியில் படுத்தே பாதி ஆயுளைக் கழிக்கும் மனிதர். கைக் கிரீஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி வாங்கிடு. பஞ்சாயத்தே வேணாம்."

அப்பாடா என்றிருந்தது. ஏன் அப்படி இருந்தது என்று யோசிக்க எனக்கு இஷ்டமில்லை.

டிசம்பர் 5

வாங்கியாயிற்று. கிரேன் வண்டி. பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் கொக்கி இறங்கும், ஏறும். வாலு இதற்காக மூன்று மாதமாக என் உயிரை வாங்குகிறான். மஞ்சள்தான் வேண்டும், டயர் கறுப்பாக இருக்க வேண்டும், உள்ளே டிரைவர் பொம்மை இருக்க வேண்டும். அவ்வளவும் எனக்கு மனப்பாடம்.

"ரெண்டா? ரெண்டும் பையனா மேடம்?" என்றாள் கடைப் பெண்.

"ஒண்ணு பொண்ணு."

"பொண்ணுக்குமா கிரேன்?"

"ஏன், பொண்ணு கிரேன் ஓட்டுனா அது நகராதா?" என்று ஒரே போடாகப் போட்டேன். பின்னால் நின்ற அம்மாள் கைதட்டாத குறை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது காற்று இறங்கிவிட்டது. யாரை ஏமாற்றுகிறேன்? பாப்பா கிரேன் ஓட்ட வேண்டும் என்றா வாங்கினேன்? பாப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆறு மாதமாக ஒரே வீட்டில் இருக்கிறோம் — தெரியாது. அதனால் சிவப்பில் இன்னொன்று. நாளைக்கு யாரும் என்னைப் பார்த்து மாற்றாந்தாய் என்று விரல் நீட்டக்கூடாது, அவ்வளவுதான்.

டிசம்பர் 6

இரண்டையும் பரணில் ஒளித்துவைத்தேன். வாலு மோப்பம் பிடித்துவிட்டான். பாப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

டிசம்பர் 8

இதை எழுதவே கை கூசுகிறது.

சாயங்காலம் பாப்பா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கமாக வாயைக் கோணிக்கொண்டு குடித்தாள். என்னவென்று பார்த்தால் கீழ் முன்பல் ஒன்றைக் காணோம். ஈறு ஆறி, புதுப் பல்லின் நுனி வெள்ளையாகத் தெரிகிறது.

"எப்ப விழுந்துச்சு?"

"முன்னாடியே விழுந்துடுச்சு."

"பல்லு எங்க?"

"குப்பையில போட்டுட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க வேலையா இருந்தீங்க."

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். நான் நாள் முழுக்க ஊரார் வாயைப் பார்த்துப் பிழைப்பவள். முகம் தெரியாத கிழவருக்குக் கடைவாய்ப் பல் அரை நூல் தூக்கலாக இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. வீட்டில் ஒரு குழந்தைக்குப் பல் ஆடியிருக்கிறது, வலித்திருக்கிறது, விழுந்திருக்கிறது. நான் தினமும் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். சீ, நானும் ஒரு பொம்பளையா?

வாலுவுக்கு முதல் பல் முளைத்த அன்று நான் லேப் முழுக்கப் போட்டோ காட்டிக்கொண்டு திரிந்தவள்.

டிசம்பர் 10

வாலுவுக்கு இருமல். லீவு போட்டேன். போன மாதம் பாப்பாவுக்கு இருமல் வந்தபோது மருந்தைக் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

டிசம்பர் 12

நாத்தனார் போன் செய்தார். "லீவுக்குப் பாப்பாவ இங்க அனுப்பேன். என் பசங்க கேட்டுட்டே இருக்காங்க. உனக்கும் கொஞ்சம் ஓய்வா இருக்கும்ல."

"சரிக்கா" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. பாப்பாவைக் கேட்கவில்லை. இவரைக் கேட்கவில்லை. எச்சில் விழுங்கும் நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. விடுமுறை முழுக்க வாலுவும் நானும், பழையபடி. பக்கத்தில் சத்தமில்லாமல் வந்து, நான் திரும்பிப் பார்க்கும்வரை காத்துக்கொண்டு நிற்கும் அந்தப் பெண் இருக்கமாட்டாள். அவள் எதுவும் கேட்பதில்லை, அழுவதில்லை, அடம்பிடிப்பதில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிடுவாள், தட்டைக் கழுவிக் கவிழ்ப்பாள். அப்படிப்பட்ட குழந்தையை அனுப்பிவைக்க எனக்கு இவ்வளவு ஆசை.

டிசம்பர் 13

அத்தை வீட்டுக்குப் போகிறாய் என்று பாப்பாவிடம் சொன்னேன். "சரி" என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் அலமாரியில் அவள் அடுக்கு துடைத்துவிட்டதுபோல் காலி. எல்லாச் சட்டையும் பைக்குள். பள்ளிக்கூட யூனிஃபார்ம்கூட.

"லீவுக்குப் போறதுக்கு எதுக்குடா யூனிஃபார்ம்?"

நிமிர்ந்து பார்த்தாள். "திரும்பி வரணுமா?"

குடை எடுத்துக்கணுமா என்று கேட்பதுபோல் கேட்கிறாள்!

பைக்கு அடியில் ஒரு பெட்டி. பார்த்த பெட்டி. அவள் பிறந்தநாளுக்கு நான் கொடுத்த வர்ணப் பென்சில் பெட்டி, மேலே கண்ணாடித் தாள்கூடப் பிரிக்கவில்லை. அதன் கீழே இவர் வாங்கிக் கொடுத்த பொம்மை, அதுவும் அப்படியே, அட்டையோடு கட்டிய கம்பியோடு.

"ஏன் தொறக்கவே இல்ல? புடிக்கலையா?"

"புடிச்சிருக்கு."

"அப்புறம்?"

பெட்டியின் மூலையை விரலால் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "அத்தை வீட்லேருந்து வரும்போது, தொறந்ததெல்லாம் எல்லாருக்கும் பொதுன்னு சொல்லிட்டாங்க. தொறக்காததுதான் என்னுது, எடுத்துட்டுப் போலாம்னு சொன்னாங்க. அதான்."

அதான். அடுத்த வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவதற்காகப் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

நான் என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை. பையிலிருந்த சட்டையெல்லாம் எடுத்து எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தேன். அவளும் எனக்கு ஒத்தாசையாக மடித்துக் கொடுத்தாள். ஐயோ, அதையாவது செய்யாமல் இருந்திருக்கலாம்.

டிசம்பர் 14

இவரிடம் சொன்னேன். காலையில் ஆரம்பித்த சண்டை, டீ ஆறிப்போனது.

"என்னக் கேக்காம அக்காகிட்ட ஏன் சரின்னு சொன்ன?"

"கேட்டிருந்தா மட்டும்? உங்க பொண்ணுதானே, அவளுக்கு என்ன புடிக்கும்னு நீங்க சொல்லுங்க பாப்போம்!"

அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "நான் ஞாயித்துக்கெழம போய்ப் பாத்துட்டு வர்ற அப்பன்தான்" என்றார். "அவ அழாம டாட்டா காட்டுவா. நல்லா இருக்கான்னு நெனச்சுட்டேன்."

அதற்கு மேல் எங்கே சண்டை போடுவது.

நாத்தனாருக்குப் போன் செய்து, அனுப்பவில்லை என்றேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நல்ல மனுஷி, குறை சொல்லக்கூடாது. "உனக்குத் தொந்தரவே இருக்காது. இங்க இருந்த வரைக்கும் அவ ஒரு தடவகூட அழுததில்ல தெரியுமா?" என்றார் பெருமையாக.

அம்மா செத்துப்போன குழந்தை. ஒரு தடவைகூட அழவில்லையாம்.

டிசம்பர் 17

சிவப்புக் கிரேனை மாற்றிவிடலாம், அவளையே எடுக்கச் சொல்லலாம் என்று பாப்பாவை மட்டும் கடைக்கு அழைத்துப் போனேன். பரிசு ரகசியமாக இருக்க வேண்டும் என்ற என் சட்டத்தை நானே உடைத்தேன்.

"உனக்கு என்ன வேணும், எதை வேணாலும் எடு."

"எதுனாலும் சரி."

"எதுனாலும்னு ஒரு பொம்மை கெடையாதுடா. பாத்து எடு."

"நீங்க எடுங்க."

ஒவ்வொரு அலமாரியாகக் காட்டினேன். பந்து, பொம்மை, சமையல் சாமான், ஊதல். ஒவ்வொன்றுக்கும் "நல்லா இருக்கு". என் முகத்தைத்தான் பார்க்கிறாள், பொம்மையை இல்லை. எதை எடுத்தால் எனக்குப் பிடிக்கும் என்று தேடுகிறாள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தப் பாழாய்ப்போன கோபம் — "வாயத் தொறந்து ஒண்ணு சொன்னா என்ன, முத்தா உதிர்ந்துடும்?" என்று கத்திவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது.

"சாரி" என்றாள் பாப்பா.

அவள் சாரி சொல்கிறாள். அவள்! நான் தரையைப் பார்த்துக்கொண்டு வெளியே வந்தேன். வீடு வரை என் விரலைப் பிடித்துக்கொண்டேதான் வந்தாள், அதுவும் நான் பிடிக்கச் சொன்னதால்.

டிசம்பர் 18

லேபில் ஒரு செட்டில் மேல் வரிசையைக் கோணலாக வைத்துவிட்டேன். பாலிஷ்காரி எடுத்துப் பார்த்துவிட்டு, "இதப் போட்டுக்கிட்டா அந்தாளு பேசும்போது காதத்தான் கடிப்பாரு" என்றாள். சிரிப்பு வரவில்லை.

டிசம்பர் 21

விடுமுறை. சிவப்புக் கிரேனின் பெட்டியை நானே கிழித்துப் போட்டுவிட்டேன். வண்டியை மட்டும் அவள் தலையணைப் பக்கத்தில் வைத்தேன். வர்ணப் பெட்டியின் கண்ணாடித் தாளையும் பிரித்து, பென்சில் ஒவ்வொன்றையும் சீவி வைத்தேன். இனி எதையும் கட்டி எடுத்துக்கொண்டு போக முடியாது. புத்திசாலித்தனம் என்று நினைத்தேன்.

வாலு மஞ்சளைப் பார்த்துக் கட்டிலில் குதித்தான். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு மூச்சு முட்ட முத்தம்.

பாப்பா எழுந்தாள், பார்த்தாள். பெட்டி எங்கே என்று தேடினாள் — கண்ணால் மட்டும். அப்புறம், "நல்லா இருக்கு, தேங்க்ஸ்" என்றாள். கொக்கியை ஒருமுறை மரியாதைக்கு இறக்கி ஏற்றிக் காட்டினாள். எனக்காக.

வாலுவைக் கட்டிக்கொண்டிருந்த கை எனக்குக் கூச்சமாக இருந்தது. எடுக்கவும் முடியவில்லை.

டிசம்பர் 23

இரண்டு கிரேனையும் வாலுவே ஓட்டுகிறான். "உனக்கு வேணாமா?" என்று பாப்பாவைக் கேட்டேன். "அவன் வெளையாடட்டும்" என்றாள். பென்சிலை எடுத்துப் படம் வரைகிறாள். அந்த மட்டில் சரி. என்ன வரைகிறாள் என்று எட்டிப் பார்த்தால் கையால் மறைத்துக்கொள்கிறாள்.

டிசம்பர் 26

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தது. நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

நான் துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். பாப்பா கூடத்தில் தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். வாலு இரண்டு கிரேனையும் உறுமிக்கொண்டே ஓட்டிவந்து நேரே அவள் தாளின் மேல் ஏற்றினான். தாள் கிழிந்தது. அவள் வேறு தாள் எடுத்தாள். அவன் மறுபடி ஏற்றினான்.

நான் தலையைத் தூக்காமலே சொன்னேன்: "பாப்பா, நீ கொஞ்சம் தள்ளி உக்காந்து வரையேன்மா."

யாரைத் தள்ளச் சொன்னேன்? தப்பு செய்தவனையா? சொல்லி முடித்ததும் எனக்கே சுருக்கென்றது. அதற்குள் சிவப்புக் கிரேன் பறந்துபோய்ச் சுவரில் மோதியது. சக்கரம் தனியாக உருண்டு ஓடியது.

"நான் ஏன் தள்ளணும்? எப்பப் பாரு நானே தள்ளணுமா?"

பாப்பாதான். எழுந்து நிற்கிறாள், முகமெல்லாம் சிவந்து, கையை முறுக்கிக்கொண்டு. அவளுக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது எனக்குத் தெரியாது. வாலு ஓடிவந்து என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

"எனக்கு அந்தக் கிரேன் புடிக்கவே இல்ல! கொஞ்சம்கூடப் புடிக்கல! அது அவனுக்குப் புடிச்சது. அவனுக்கு வாங்கும்போது எனக்கும் சேத்து ஒண்ணு வாங்கிட்ட! எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சியா?"

கையும் களவுமாகப் பிடிபட்டேன். என் புருஷனுக்கும் பாலிஷ்காரிக்கும் நாத்தனாருக்கும் தெரியாதது ஏழு வயதுக்குத் தெரிந்திருக்கிறது, அதுவும் முதல் நாளிலிருந்தே.

"ஆமா" என்றேன். "அப்படித்தான் வாங்கினேன். தப்புதான்."

அவள் எதிர்பார்க்கவில்லை. உதடு கோணியது. ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள் — மூக்கு ஒழுக, வாய் அகல, தெருவுக்கே கேட்கும்படி. அத்தை வீட்டில் ஒரு தடவைகூட அழாத பெண்.

"வேற என்ன வேணும் உனக்கு?"

"ஸ்கேட்டிங் ஷூ! சக்கரம் வெச்சது! எதிர் வீட்டு அக்கா மொட்ட மாடில போட்டுட்டு ஓடுறாங்கல்ல, அது!"

"என்ன கலர்?"

"நீலம்!" என்று கத்தினாள்.

சக்கரத்தை உடைத்ததற்குத் திட்டியிருக்க வேண்டும். சுவரில் வேறு சிவப்பாக ஒரு கீறல். என் மகன் பயந்துபோய் நிற்கிறான், இங்கே நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். வெட்கம் கெட்டவள். ஆனால் வந்த சிரிப்பை என்ன செய்வது? குளியலறையிலிருந்து இவர் சோப்பு நுரையோடு ஓடிவந்து, "என்ன ஆச்சு? யாரு அழுறா?" என்றார்.

"உங்க பொண்ணு. என்கூட சண்ட போடுறா."

மனுஷன் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். கண்ணில் சோப்பு என்று சொல்லித் துண்டைத் தேடினார்.

அளவு பார்க்க வேண்டும், காலை நீட்டு என்றேன். "மாட்டேன் போ" என்று கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள். வாலுவை அனுப்பி மன்னிப்புக் கேட்க வைத்தேன். அவனையும் போ என்று துரத்திவிட்டாள். நான் ஒரு நூலை எடுத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன், இதை எழுதுவதும் அங்கேயிருந்துதான். விசும்பல் குறைந்திருக்கிறது. இப்போதுதான் ஒரு கால் மட்டும் வெளியே வந்திருக்கிறது.