நீ சொன்ன பொய்யும் குட்டி சொன்ன பொய்யும்

அன்புள்ள மகனுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் வயதுக்கு ஏற்ற வலிகளோடு நன்றாகவே இருக்கிறோம். நீங்கள் மூவரும் சுகமா என்று எப்போதும் வழக்கத்துக்காகக் கேட்டு எழுதுவேன், இந்தத் தடவை பதில் தெரிந்தாக வேண்டும் என்பதால் கேட்கிறேன். அம்மாவுக்கு முட்டி வலி குறையவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டே சமையலறைக்கும் கூடத்துக்கும் நடக்கிறாள், கைத்தடி வாங்கித் தரேன் என்றால் எனக்கென்ன வயசாயிடுச்சு என்று சண்டைக்கு வருகிறாள். நான் லேத் பட்டறைக்கு அரை நாள்தான் போகிறேன், கண் முன்னைப்போல இல்லை, அளவுகோலில் சின்னக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பையன்கள் என் முன்னால் ஐயா என்றும் பின்னால் பெரிசு என்றும் சொல்கிறார்கள், எனக்குக் காது மட்டும் நன்றாகக் கேட்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. உன் தங்கைக்கு மாற்றல் வந்துவிட்டது, அடுத்த மாதம் வீடு மாறுகிறாள். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டிய விஷயம் வேறு, அதைப் போனில் ஆரம்பித்தால் நீ வேலையிருக்குப்பா என்று வைத்துவிடுவாய், எனக்கும் வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன், இந்தத் தாள்களைப் படம் எடுத்து இன்றே உன் போனுக்கு அனுப்பிவிடுவேன்.

போன மாதம் நீ பேசியபோது என் பேத்தி குட்டி வீட்டுப்பாடம் எழுத அடம் பிடிக்கிறாள் என்று சொன்னாய். பிறகு சிரித்துக்கொண்டே, "நீங்க எனக்குக் குடுப்பீங்களே அந்த மாதிரி ஒண்ணு குடுத்தேன்பா, இப்ப ஒழுங்கா உக்காந்து எழுதுறா" என்றாய். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் இப்போது வெட்கப்படுகிறேன். போன செவ்வாய்க்கிழமை மருமகள் அம்மாவுக்குப் போன் செய்தாள். அம்மா எப்போதும்போல ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். குட்டியின் காதுக்குக் கீழே தடிப்பைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னவென்று கேட்டிருக்கிறார், அவள் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். "நாங்க யாரும் சொல்லிக் குடுக்கல அத்தே, அவளா சொல்லியிருக்கா" என்று மருமகள் அழுதாள். அம்மா போனை என்னிடம் நீட்டினாள். வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். லைன் போய்விட்டது என்று நினைத்து மருமகள் வைத்துவிட்டாள்.

மருமகளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அப்போது உனக்கு ஒன்பது வயது. நீ குழாயைத் திறந்து போட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாய், மாடித் தொட்டித் தண்ணீர் மொத்தமும் போய்விட்டது. அவ்வளவுதான் நீ செய்த குற்றம். நான் உன் கையைப் பின்னால் முறுக்கினேன். இரும்பு முறிகிற சத்தம் எனக்குப் பழக்கம், இது வேறு சத்தம். உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது வழி நெடுக என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே போனேன், சைக்கிளிலிருந்து விழுந்தான் என்று சொல்வதாக முடிவும் செய்துவிட்டேன். எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்து ஒரு டாக்டரம்மா எப்படி ஆச்சு என்று என்னைக் கேட்காமல் உன்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ, "படியில விழுந்துட்டேன், அப்பாதான் தூக்கிட்டு வந்தாரு" என்றாய். அவர் என்னைப் பார்த்துவிட்டு அதையே சீட்டில் எழுதினார். எனக்கு அப்போது வெட்கம் வந்தது என்று எழுத ஆசைதான், ஆனால் வந்தது நிம்மதி. பையன் சமர்த்து என்றுகூட நினைத்தேன். மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்து திரும்பி வரும்போது நீ என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, நான் சரியா சொன்னேனா" என்று கேட்டாய். நான் ம் என்றேன். அதற்குப் பிறகு இருபத்தேழு வருடமாக நாம் இருவரும் அதைப் பேசவே இல்லை.

நேற்று அம்மாவிடம் முதல்முறையாக இந்தப் பேச்சை எடுத்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு அந்த இடது கை இப்போதும் வலிக்குமா என்று கேட்டேன். "வலது கை. அதுகூட மறந்துபோச்சா உங்களுக்கு" என்றாள். ஒன்றரை மாதம் உனக்கு ஊட்டிவிட்டதையும், பதினொரு வயது வரை நீ படுக்கையை நனைத்ததையும், அதற்கும் நான் அடித்ததையும் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டே சொன்னாள். என் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே நீ டிவியை அணைத்துவிட்டு உள் அறைக்குப் போய்விடுவாயாம். அதை மரியாதை என்று நினைத்திருந்தேன். யார் கேட்டாலும் கண்டித்து வளர்த்தேன், அதனால்தான் பிள்ளை வெளிநாட்டில் நல்ல வேலையில் இருக்கிறான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறேன். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று பழமொழியும் சொல்வேன். உன்னை அணைத்த நாள் ஒன்றையாவது நினைத்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது ஒன்றுதான் ஞாபகத்துக்கு வந்தது.

மருமகள் போனில் அழுததற்கு மறுநாள், புதன்கிழமை, அவளை நானே கூப்பிட்டேன். மாமனார் நேராகப் போன் செய்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டாள், பாவம். எல்லாவற்றையும் சொல்லச் சொன்னேன். நீ குட்டியை அடித்தது மூன்று தடவை என்றாள், ஒரு தடவை தடுக்கப் போன அவள்மேலும் பட்டது என்றாள். பிறகு உடனே, "அவர் கெட்டவர் இல்ல மாமா, கோவம் வந்தா மட்டும்தான்" என்றாள். இதே வார்த்தையை உன் அம்மா என்னைப் பற்றி உன் மாமாவிடம் சொன்னதைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டவன் நான். அதனால் அவளை இழுத்தடிக்க விடவில்லை. குட்டியைக் கூட்டிக்கொண்டு அங்கேயே இருக்கிற உன் கூடப்பிறந்த அண்ணன் வீட்டுக்குப் போ, என் மகன் சரியாகிவிட்டான் என்று நீயாக நம்பும்வரை திரும்பாதே, டீச்சரிடம் நடந்ததை மறைக்காமல் சொல் என்றேன். இரண்டு நாள் யோசித்தாள். சனிக்கிழமை நீ வேலைக்குப் போன பிறகு அவள் கிளம்பியது நான் சொல்லித்தான். கோபப்படுவதானால் என்மேல் படு. அவளைத் தேடிப் போய்க் கதவைத் தட்டாதே, போனில் கத்தாதே. இதை எழுதுவது அவளுக்குத் தெரியும், அவள் சரி என்ற பிறகுதான் எழுத ஆரம்பித்தேன்.

உனக்கு வேலையில் நெருக்கடி, தூக்கம் சரியில்லை என்றெல்லாம் மருமகள் சொன்னாள். எனக்கும் அப்போது அப்படி ஆயிரம் காரணம் இருந்தது, பட்டறை முதலாளிமேல் நான் ஒருநாளும் கைநீட்டவில்லையே. திருப்பி அடிக்க முடியாதவர்களிடம் மட்டும் வருகிற கோபத்துக்குக் கோபம் என்று பெயர் வைப்பது நமக்கு வசதி. வருகிற வியாழக்கிழமை நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சரும் குழந்தைகளுக்கான ஆலோசகரும் உங்களுக்காக உட்காருகிறார்கள், மருமகளும் வருவாள். மறக்காமல் போ, அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போ. குட்டி விழவில்லை, நான்தான் அடித்தேன் என்று உன் வாயால் சொல். பிறகு குட்டியைப் பார்க்க விட்டால் அவள் முன்னால் அழாதே, அழுதால் அவள் உன்னைச் சமாதானப்படுத்த ஆரம்பித்துவிடுவாள். அப்பாவுக்காக நீ பொய் சொல்ல வேண்டியதில்லை என்று மட்டும் சொல். அந்த ஒரு வாக்கியத்தை அன்று அந்தத் தெருவில் நான் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அம்மா தன் ஆசியை எழுதச் சொன்னாள். நல்லா இருக்கணும், வெறும் வயிற்றோடு படுக்காதே, வீட்டில் தனியாக இருக்கப் பயமாக இருந்தால் எந்நேரமானாலும் போன் செய் என்கிறாள். எனக்கு நீ என்ன எழுதினாலும், திட்டி எழுதினாலும், முழுவதும் படிப்பேன். மன்னித்துவிடு என்று கேட்க நினைத்தேன். கேட்டால் நீ உடனே பரவால்லப்பா என்பாய், அதையும் எனக்காகத்தான் சொல்வாய். அதனால் கேட்கவில்லை. நான் செய்தது தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா