ரத்தும் தேதி மாற்றமும் ஒரே கோப்பில் இருந்தபோது

இன்று காலை அந்தக் கோப்பைத் திறந்தேன். கடைசியாகத் திருத்தியவர் என்ற இடத்தில் உன் பெயர். விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். நீ போன பிறகு, சந்தேகம் கேட்க ஆளில்லாமல் உன் நிரலைத் தொடுவது இதுதான் முதல் தடவை.

சரவணம்பட்டி அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, டயாலிசிஸ் மையங்களுக்கான அந்த இணையச் செயலியை எழுதினோம். நோயாளிக்கு இடம் பதிவது, தேதி மாற்றுவது, ரத்து செய்வது என்று வருகிற எல்லாக் கோரிக்கைகளுக்கும் ஒரே கோப்புதான் பதில் சொன்னது. ஒருநாள் மதியம் தேதி மாற்றத்தில் ஒரு சின்னத் திருத்தம் போனது. அதே வரிகளை ரத்தும் பயன்படுத்துவதை யாரும் கவனிக்கவில்லை. உடுமலைப்பேட்டை மையத்தின் அன்றைய பதிவுகள் அத்தனையும் ரத்தாகிவிட்டன.

போனை எடுத்தவள் நீ. மறுமுனையில் ஒரு பெண் அழுதாள். "ஏனுங்க, அவரு பேரே இல்லைன்னு வெளிய உக்கார வெச்சுட்டாங்க. மூச்சு வாங்குதுங்க."

உன் முகம் வெளுத்தது. குரல் மட்டும் நடுங்கவில்லை. "போனை நர்ஸுகிட்டக் குடுங்க அம்மணி." நர்ஸிடம், "கம்ப்யூட்டரப் பாக்காதீங்க சிஸ்டர், வந்தவங்கள உள்ள கூப்புடுங்க. முதல்ல அவர மிசின்ல போடுங்க" என்றாய். அவர் தேறிவிட்டார் என்று தகவல் வரும்வரை நீ தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மறுநாளே பிரிக்க ஆரம்பித்தாய். பதிவுக்கு ஒரு கோப்பு, தேதி மாற்றத்துக்கு ஒன்று, ரத்துக்கு ஒன்று. மேலாளர் வந்து, "ஓடிட்டிருக்கறத எதுக்கு அம்மணி கலைக்கறீங்க?" என்றார்.

"ஓடறதுனாலதானுங்க பயம்."

அவர் போனதும் என்னிடம், "கண்ண மூடுனா அந்தம்மா அழுகறது கேக்குது புள்ள" என்றாய்.

அந்த வேலை முடிந்த கொஞ்ச நாளில் காய்ச்சலென்று படுத்தாய். பிறகு எழவேயில்லை.

இப்போது நோயாளியை ஒரு மையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வசதி வேண்டுமாம். ரத்துக் கோப்பிலேயே நாலு வரி சேர்த்தால் போதும் என்றார் மேலாளர். காலையில் நான் திறந்தது அந்தக் கோப்பைத்தான். "தனியா எழுதிக்கறேனுங்க. சாயங்காலம் ஆயிருமுங்க" என்றேன்.

வெளியிட்ட பின் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். உடுமலையிலிருந்து அழைப்பு வந்தது. மூன்றாவது மணியில்தான் எடுத்தேன். அங்குள்ள நர்ஸ் பேசினார்.

"ஏனுங்க, வெள்ளகோவில்ல இருந்து ஒரு ஐயாவ இங்க மாத்தி உட்டிருக்காங்க. பேரு வந்திருச்சுங்க. மத்தவங்க பேரும் அப்படியே இருக்குதுங்க."

போனை வைத்த பிறகும் பதிவுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். இந்தப் பயம் முன்பு எனக்கு இருந்ததில்லை, உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது. இது என்னை விட்டுப் போகிற நாளில் நான் இந்த நாற்காலியில் உட்காரக் கூடாது.