மூன்று ரிங் கட்

நிவித்திகல
15.10.2009

அன்புள்ள சுமன் அண்ணனுக்கு,

கட்டார் வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். அம்மா சுகம். ஃபோனில் பேசினால் சண்டையில் முடியும், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கடை கபூர் முதலாளி கேட்கிறபடி, எல்லாம் சரி என்ற சோதனை அறிக்கையில் என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லி அம்மாவிடம் சொன்னீர்களாம். போடமாட்டேன். காரணத்தைக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

நம் தோட்டத்துக்குப் புதிய தொலைபேசி அமைப்பைப் போட்டுக்கொடுப்பது நான் வேலை செய்யும் இந்தக் கடைதான். மென்பொருள் யாரும் இலவசமாக எடுத்துத் திருத்தக்கூடியது. மனிதர் எழுதிய நிரலைக் கணினி ஓட்டும்படி மாற்றித்தருவது கம்பைலர். கடையில் கிடந்த பழைய கணினிக்குள் அடங்கட்டும் என்று முதலாளி வேறொரு கம்பைலரில் செய்யச் சொன்னார், செய்தேன். கொழும்பிலிருந்து சோதிக்க வந்த இரண்டு பேர் ஃபோனில் அறுநூறு கோல் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் ஒழுங்காகப் பேசிவிட்டு வைத்தார்கள். எல்லாம் சரி.

பிறகு பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தங்கம்மா அக்காவை டிஸ்பென்சரிக்கு எடுத்துப்பார்க்கச் சொன்னேன். நம் சனம் எப்படி எடுக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? காசு போகாமல் ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணினால், நம்பரைப் பார்த்து டிஸ்பென்சர் ஐயா நோயாளியை ஏற்ற லொறி அனுப்புவார். அக்கா அப்படி மூன்று தடவை ரிங் கட் கொடுத்தார். தோட்டத்து ஃபோன் அத்தனையும் செத்துப்போனது. "நான் எப்பவும் போலத்தானே புள்ள அடிச்சேன்" என்று பாவம், பயந்தே போனார்.

மூன்று நாள் வரி வரியாகத் தேடினேன். மறுமுனையில் எடுக்குமுன் வெட்டப்படும் கோலுக்காகக் கணினி நினைவில் ஒதுக்கிய இடத்தில் தொடக்க எண்ணை எழுதாமல் விட்டிருக்கிறார்கள். பழைய கம்பைலரில் அங்கே தற்செயலாகப் பூச்சியம் இருந்தது, தப்பியது. புதியதில் ஏதோ குப்பை எண் இருந்தது, அமைப்பே விழுந்தது. குற்றம் கம்பைலரில் இல்லை, நிரலில். அதை எழுதியவர்களுக்குத் திருத்தத்தோடு மின்னஞ்சல் போட்டேன். ஒரு ரிங்கில் யார் வெட்டுவார்கள் என்று கேட்டார் ஒருவர். எங்கள் தோட்டத்தில் எல்லோரும் என்று பதில் எழுதினேன்.

திருத்தினால் எல்லாச் சோதனையும் மறுபடி செய்ய வேண்டும். ஒப்படைக்கும் நாளோ திங்கட்கிழமை. முதலாளி கெட்டவர் இல்லை, அவசரக்காரர். "சைன் வெச்சிடுங்க புள்ள, ஒங்க அண்ணனுக்கு விசா எடுத்துக் குடுத்தது யாரு?" என்கிறார். அந்த நன்றியை நான் உழைத்துத் தீர்ப்பேன், பொய் எழுதித் தீர்க்கமாட்டேன். வேலையை விட்டு நிறுத்தினால் நிறுத்தட்டும். நானே பங்களாவுக்குப் போய், தோட்டத்தை நடத்தும் துரையிடம் உண்மையைச் சொல்வேன்.

அண்ணிக்கு எட்டாம் மாதம். கால் வீங்கியிருக்கிறது, உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். வலி கண்டால் அவரும் ரிங் கட்தான் கொடுப்பார். இதற்குப் பிறகும் என்னைக் கையெழுத்துப் போடச் சொல்வதென்றால் எனக்கு எழுதாதீர்கள் அண்ணா, அண்ணிக்கு எழுதுங்கள்.

பிள்ளையின் முகம் பார்க்க நீங்கள் நல்லபடியாக வந்துசேர வேண்டும்.

உங்கள் சொல்லை முதல்முறை மீறும் தங்கை,
ஜீவராணி