தோல் பட்டை வைத்த கொக்கி

அன்பு லோர்னா,

சனிக்கிழமை கீவ்ஸ்டன் கூடத்தில், பழங்கருவி சேகரிப்பவர்கள் கூடியபோது இருந்தவர்கள்: தலைவர் கிளைவ், பேக்கரி நெவில், மர மில்லில் வேலை பார்த்த மெர்வ், டீ ஊற்றிய நான்.

நீ கொடுத்தனுப்பிய உன் அப்பாவின் பெட்டியிலிருந்து தோல் பட்டை வைத்த ஓர் இரும்புக் கொக்கியைக் கிளைவ் மேசையில் வைத்தான். எதற்கானது என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாத கருவி என்றால் ஆளுக்கொன்று சொல்லிவிட்டுக் கைதூக்கி முடிவு செய்வார்கள்.

"கம்பளி மூட்டை இழுக்கிறதுப்பா," என்றான் நெவில்.

"அது எங்க அண்ணனோட கை," என்றேன். "மில்லுல கை போனப்புறம் அதைக் கட்டிக்கிட்டுத்தான் வேலை செஞ்சான்."

"டோரி, உனக்கு எதைப் பார்த்தாலும் அண்ணன்தான். டீ ஆறுது பாரு!" என்றான் நெவில்.

எல்லோரும் சிரித்தார்கள். கிளைவ் திரும்பிக் கேட்டான்: "மெர்வ், நீ பார்த்திருக்கியா?"

"இல்லப்பா," என்றான் மெர்வ், பிஸ்கட்டை நனைத்தபடி.

மூட்டைக் கொக்கி என்று முடிவானது. தோல் பட்டை பிற்பாடு யாரோ சேர்த்தது என்று கிளைவ் அதை வெட்டி விறகடுப்பில் போட்டான். உன் அப்பாவின் வியர்வை ஊறிய பட்டை எரிந்தது. நான் கெட்டிலைப் பிடித்தபடி நின்றேன்.

பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காத உன்னை மன்னிக்கக் கொஞ்ச நாளாகும். சிரித்தவர்களை விடு. அன்று மில்லில் அண்ணன் கையை விலக்குவதற்குள் ரம்பத்தை ஓடவிட்டு, பிறகு அழுதுகொண்டே அந்தப் பட்டையைத் தைத்துக் கொடுத்தவனைத்தான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன். அவன் மெர்வ்.

உன் அத்தை