பதினொன்றேகால் அங்குலம்

பதினொன்றேகால் அங்குலத்தில் எதை அறுப்பதாக இருந்தீர்கள்? இரண்டு வருடமாக யோசிக்கிறேன்.

இன்று கார் ஷெட்டில், மரம் அறுக்கிற உங்கள் டேபிள் சா மெஷினைத் துடைத்தேன். அழகர்கோவில் பக்கத்திலிருந்து ஒருவர் நாளை அதை வாங்க வருகிறார். அடிப்பெட்டியின் சின்னக் கதவைத் திறந்ததும் வேப்பமரத் தூளின் கசந்த வாசனை முகத்தில் அடித்தது. பிறகு தூளை அள்ளிக் கொட்டினேன். பலகையின் அகலத்தை நிறுத்துகிற இரும்புச் சட்டத்தை மட்டும் தொடவில்லை. கைடு என்பீர்கள் அதை. நீங்கள் கடைசியாக இறுக்கிய பதினொன்றேகாலிலேயே நிற்கிறது. பூஜை அலமாரி, ஜன்னல் விளிம்பு, என் புத்தகத் தட்டு எல்லாவற்றையும் அளந்து பார்த்துவிட்டேன். எதுவும் அந்த அளவில் இல்லை.

பரவையில் மூடப்போகிற கதவுப் பட்டறை ஒன்றில் அதை வாங்கினோம். பழைய மெஷின் என்றதும் எனக்குச் சந்தேகம். மேசைமீது ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, பின்னால் டார்ச் அடித்து, பரப்பு வளைந்திருக்கிறதா என்று பார்த்தேன். ரம்பத்தைக் கையால் சுற்றினேன். ஏன் விற்கிறீர்கள் என்று மூன்று விதமாகக் கேட்டேன். நீங்கள் பட்டறைக்காரரிடம், "அண்ணே, பொண்ணு பாக்க வந்தப்பகூட எங்க வீட்டுல இம்புட்டுக் கேள்வி கேக்கல" என்றீர்கள். அவர் ஓட்டிக் காட்டினார். சத்தம் சீராக இருந்தது. தலையாட்டினேன்.

நான்கு பேர் தூக்கி ஷெட்டில் இறக்கிய பிறகுதான் எலக்ட்ரீஷியன் மோட்டாரின் தகட்டைப் படித்தார். "மேடம், இது த்ரீ பேஸ். உங்க வீட்டு லைன்ல ஓடாது."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் மெஷினைப் பார்த்தேன். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள், கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்கவில்லை. லைன் மாற்றிவாங்கும்வரை அதன்மேல் துணி காய்ந்தது. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம், "பிசிக்ஸ் டீச்சர் செலக்சன்" என்று அறிமுகப்படுத்தினீர்கள். அப்போது எரிச்சலாக இருந்தது.

லைன் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களை ஷெட்டிலிருந்து வெளியே இழுக்க முடியவில்லை. ஒரு செருப்பு ஸ்டாண்ட், கால் ஆடுகிற ஒரு ஸ்டூல். அந்த ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டீர்கள்.

"பலகை நீளமா இருக்கு. அந்தப் பக்கம் செத்தப் புடிக்கிறியா?"

"வாரேன்" என்றேன். திருத்த இன்னும் பத்து விடைத்தாள் இருந்தது. நீங்கள் மறுபடி கூப்பிடவில்லை. அதை நான் நல்லதென்று எடுத்துக்கொண்டேன். பத்தையும் முடித்துவிட்டு வந்தபோது நீங்கள் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தீர்கள். சுவிட்ச் போட்டிருக்கவில்லை. பலகை மேசைமேல் இருந்தது.

மாரடைப்பு, யாராவது அருகில் இருந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்றார் டாக்டர். எதையும் ஆதாரம் கேட்காமல் நம்பாதவள் நான். அவரிடம் மட்டும், எப்படிச் சொல்கிறீர்கள் என்று இன்றுவரை கேட்கவில்லை.

இதற்கு மேலுள்ளதை நேற்று எழுதினேன்; மிச்சத்தை இன்று எழுதுகிறேன். வந்தவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வீட்டிலேயே கட்டில், மேசை செய்கிறாராம். முதலில் மோட்டாரின் தகட்டைப் படித்தார். அதற்கே அவருக்குக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். சுவரில் சாத்தியிருந்த உங்கள் வேப்பம்பலகையை எடுத்துக் கொடுத்தேன்.

"கைட எதுல வைக்கட்டும்க்கா?"

"இருக்கிற அளவுலயே இருக்கட்டும்."

பலகையை மேசைமேல் ஏற்றிவிட்டு, நீளமாக இருக்கிறது, அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிக்க முடியுமா என்று கேட்டார். உடனே போய்ப் பிடித்தேன். அறுத்து முடித்து மெஷினை நிறுத்திய பிறகும் பலகையை விடவில்லை. கீழே விழாமல் பிடித்திருக்கிறேன் என்று அவர் நினைத்திருப்பார்.

பதினொரு மணிக்கு மெஷின் வண்டியேறியது. பலகை என்னிடம் இருக்கிறது. பதினொன்றேகால் அங்குலம், அளந்து பார்த்தேன். எதற்கென்று தெரியவில்லை.