தங்கச்சி கட்டிய தூண்கள்

மார்ச் 3, செவ்வாய்

தங்கை தனியாக எடுத்துக் கட்டும் முதல் கட்டடம், ஒரு மழலையர் பள்ளி. அதன் தூண்களில் வெட்டியெடுத்த துண்டுகள் இன்று எங்கள் ஆய்வகத்துக்கு வந்தன. கான்கிரீட்டில் குளோரைடு அதிகமிருந்தால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். கூடவே வந்த தங்கை என் மேசையை நோட்டம் விட்டாள். “இவ்ளோ குப்பைக்கு நடுவுலயா என் தலையெழுத்தைப் பாக்கப் போற?”

மார்ச் 5, வியாழன்

குளோரைடு, அனுமதித்த வரம்பைப் போல் இரண்டு மடங்கு. மறுபடி செய்தேன். அதேதான்.

மார்ச் 6, வெள்ளி

சொல்லிவிட்டேன். தூண்களை இடிக்க வேண்டி வரும். அவள் கத்தவில்லை. “நல்ல தண்ணி, கழுவின மணல். எங்கேருந்துக்கா வந்துச்சு?” என்று மட்டும் கேட்டாள். ரிப்போர்ட்ல நம்பரை மாத்திப் போடுன்னு ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா நாலு திட்டு திட்டிட்டு நிம்மதியா இருந்திருப்பேன். இப்ப என்ன பண்றது?

மார்ச் 9, திங்கள்

இன்னொரு துண்டை உடைத்தேன். உள்ளே நீலப்பச்சை. அமிலம் விட்டதும் அழுகிய முட்டை நாற்றம். போன வாரமும் அடித்தது — பக்கத்து மேசைக்காரரின் சாப்பாட்டு டப்பா என்று நினைத்து அவரை முறைத்தேன், பாவம். தங்கைக்கு போன் போட்டேன்.

“என்ன சிமெண்டுடி போட்ட?”

“இரும்பாலைக் கசடு கலந்தது. ஏன்?”

ஏனா? அந்தக் கசடில் சல்ஃபைடு இருக்கும்; நீலப்பச்சையும் நாற்றமும் அதனால்தான். நாங்கள் சொட்டுச் சொட்டாக விடும் வெள்ளி நைட்ரேட் குளோரைடோடு அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். எல்லாம் குளோரைடு கணக்கில் ஏறிவிடும். வெள்ளையாகப் படிய வேண்டியது கறுத்துப் படிந்தபோதே தோன்றியிருக்க வேண்டாமா எனக்கு?

மார்ச் 10, செவ்வாய்

அக்காக்காரி இனி இதைத் தொடக் கூடாது. பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்தேன். எந்தக் கட்டடம் என்று சொல்லவில்லை. முதலில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிக் கொதிக்கவைத்துச் சல்ஃபைடின் கதையை முடித்தார். பிறகு அளந்தார். வரம்பில் பாதிகூட இல்லை.

“எதுக்கும்மா இவ்ளோ பெரிய சிரிப்பு?” என்றார். சொன்னேன், முறைத்த காரணம் உட்பட. “அப்ப ஒரு டீ வாங்கிக் குடு.”

தங்கைக்கு போன் போட்டுச் சொன்னேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சினாள்.

“அழறியா?”

“சிமெண்ட் தூசிக்கா.”

மே 16, சனி

பள்ளியின் மேல்தளத்துக்குக் கொடுத்திருந்த முட்டுகளைப் பிரித்துவிட்டார்கள். அம்மாவை அழைத்துப் போனோம். அறை அறையாகச் சுற்றிப் பார்த்துக் களைத்தவள், ஒரு தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள், அப்படியே தூங்கிப்போனாள். எழுப்ப மனம் வராமல் நாங்கள் இருவரும் வெகுநேரம் கிசுகிசுத்துக்கொண்டிருந்தோம்.