கடைசியாக வந்தவரின் நேரம்

அக்கா,

இன்று பின்னேரம் பழைய சூட்கேஸ் ஒன்றை வைப்பதற்காக எங்கள் கட்டடத்தின் நிலவறைக்குப் போனேன். கீழ்மாடி நோர்வேக்காரர் தன் ஷீக் கட்டைகளை இரண்டு கதிரைகளுக்குக் குறுக்கே கிடத்தி மெழுகு பூசிக்கொண்டிருந்தார். தாரும் உருகிய மெழுகும் கலந்த அந்த வாசனை படிக்கட்டு வரை வந்திருந்தது. சூட்கேசை வைத்த பிறகும் உடனே மேலே வராமல் கொஞ்ச நேரம் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். பிறகு மேலே வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

பனியில் சறுக்கிப் போகும் அந்தக் கட்டைகள் மோர்டென்ஸ்ருட் பகுதியில் இருந்த எங்கள் தமிழ் ஆட்களுக்குப் பிள்ளைகளின் பள்ளிக்கூட விஷயம். சுடுதண்ணிப் போத்தலோடு ஓரத்தில் நிற்பதுதான் தாய்மாரின் வேலை. ஊரில் போர் நின்று பாதை திறந்திருந்த அந்த வருடங்களில் ஒரே கட்டடத்தில் நான் நாலாம் மாடியில் இருந்தேன், நீங்கள் இரண்டாம் மாடியில். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் உங்களுக்கு வேலை. அந்த வருடங்களின் ஒரு பனி மாரியில், எங்கள் பகுதி விளையாட்டுக் கழகம் காட்டுக்குள் நடத்தும் ஷீ ஓட்டத்துக்கான அறிவித்தலைப் படிக்கட்டில் ஒட்டியிருந்தார்கள். இரண்டு கையிலும் சாமான் பையோடு நின்று அதை முழுக்க வாசித்தீர்கள்.

“எல்லாருக்கும் எண்டு போட்டிருக்கு.”

“அது சும்மா போடுறது அக்கா.”

“சும்மா போடேலாது. எழுதினா எழுதினதுதான்.”

பள்ளிக்கூடத்தில் பழைய சாமான் விற்ற ஒரு சனிக்கிழமை கட்டைகளும் சப்பாத்தும் வாங்கி வந்தீர்கள். சப்பாத்து பெரிது, இரண்டு சோடி காலுறை போட வேண்டியிருந்தது. கட்டடத்துக்குப் பின்னால் இருந்த சரிவில் இரண்டு வார இறுதிகள் விழுந்து எழும்பினீர்கள். அவ்வளவுதான் உங்கள் பயிற்சி.

ஓட்டத்தன்று உங்கள் மகளோடு நானும் தேத்தண்ணியோடு போய் நின்றேன். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. முதல் வளைவுக்கு முன்பே நீங்கள் விழுந்தீர்கள். எழும்பிப் பனியைத் தட்டிவிட்டுக் காட்டுக்குள் மறைந்தீர்கள். ஒரு மணித்தியாலத்தில் முக்கால்வாசிப் பேர் திரும்பிவிட்டார்கள். இரண்டாவது மணித்தியாலம் முடிவதற்குள் மற்றவர்களும் வந்து, வாஃபிள் தின்று, பரிசும் கொடுத்தாயிற்று. கொடிகளைக் கழற்றத் தொடங்கினார்கள். உங்களைக் காணவில்லை. பனி ஸ்கூட்டரில் ஒரு பெடியனைத் தேடி அனுப்பினார்கள். அவன் தனியாகவே திரும்பி வந்தான்.

“ஏற மாட்டாவாம்,” என்றான் நோர்வேஜிய மொழியில். “இன்னும் முடியேல்லையாம்.”

மகள் என் சட்டைக்கையைப் பிடித்தாள். “அன்ரி, அம்மாக்குப் போன் அடிச்சு ஏறி வரச் சொல்லுங்கோ. எனக்குச் சரியான ஃப்ளௌட்டா இருக்கு.” வெட்கக்கேட்டுக்கு இங்கத்தைய பிள்ளைகள் வைத்திருக்கும் சொல் அது. நான் போன் எடுத்தேன். உங்களுக்கு மூச்சு வாங்கியது.

“நான் வந்துகொண்டிருக்கிறன். வையுங்கோ.”

நேரம் பார்ப்பவர் ஓய்வு பெற்ற ஒரு மனிதர். மணிக்கூட்டை ஏற்கெனவே காரில் வைத்துப் பூட்டியிருந்தார். தடத்தை ஒருமுறை பார்த்தார். திரும்பப் போய் மணிக்கூட்டை எடுத்து வந்து, ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்தார். மரங்களுக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

நீங்கள் வந்தபோது ஓர் ஊன்றுகோல் வளைந்திருந்தது. முழங்கால் முழுவதும் பனி. எங்களைப் பார்க்கவில்லை. நேரே அந்த மனிதரிடம் போய், என் நேரம் என்ன என்று கேட்டீர்கள். நான்கு மணித்தியாலமும் சில நிமிடங்களும் என்றார். அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தீர்கள். அதன் பிறகுதான் தேத்தண்ணியை வாங்கினீர்கள்.

என் கணவரை உங்களுக்குத் தெரியும். விளையாட்டுச் சாதனைகள் என்றால் சோறு தண்ணி வேண்டாம். யாராவது வீட்டுக்கு வந்தால், எந்தச் சாதனையை இனி ஒருவராலும் முறியடிக்க முடியாது என்ற விவாதம் தொடங்கிவிடும். கடைசி ஆட்டத்தில் ஓட்டம் ஒன்றும் எடுக்காமல் வெளியேறியும் நூறுக்கு மயிரிழை குறைவாக நின்ற அந்தக் கிரிக்கெட் சராசரியில்தான் வழக்கமாக வந்து முடியும். அடுத்த மாரிக்கு முன்னர் கழகம் புதிய விதியோடு அறிவித்தல் ஒட்டியது. இரண்டரை மணித்தியாலத்துக்குள் வராதவர்களை ஸ்கூட்டரில் ஏற்றிவிடுவார்கள். அவ்வளவு வேகமாகப் போக ஏலாதவர்களுக்கு நேரம் பார்க்காத தனிப் பிரிவு ஒன்று. இவருக்கு அது போதும்.

“ஒருத்தன் அளவுக்கு மிஞ்சித் தூர எறிஞ்சதாலை ஈட்டியையே மாத்தினவங்கள். இனி அந்தத் தூரத்தை ஆரும் தாண்டேலாது, ஏனெண்டா அந்த ஈட்டியே இல்லை. அக்காவுக்கும் அதுதான் நடந்தது. அவவின்ரை நேரத்தை இனி ஒருத்தரும் முறியடிக்கேலாது. அவ்வளவு மெதுவாப் போக விடமாட்டாங்கள்.”

வந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் இருந்தீர்கள். நீங்கள் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

அந்தக் கிழமை, பொதுச் சலவை அறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன், நேரம் பார்க்காத பிரிவில் பெயர் கொடுக்கலாம்தானே என்று. மகள் பக்கத்தில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நேரம் பாக்காத நடை நான் ஏற்கெனவே நடந்திட்டன்,” என்றீர்கள். “இவளை இடுப்பிலை வைச்சுக்கொண்டு. மழை. முன்னுக்கும் சனம், பின்னுக்கும் சனம். எவ்வளவு நேரம் நடந்தனான் எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது. ஆரும் பாக்கேல்லை.”

யாழ்ப்பாணம் முழுவதும் எழும்பி ஒரே தெருவில் நடந்த இடப்பெயர்வைச் சொன்னீர்கள். நான் அதற்கு முன்பே இங்கே வந்துவிட்டேன், உங்கள் கணவரும் அப்படித்தான். அந்த நாள்களில் நாங்கள் அவரவர் வீட்டில் ஊர்ச் செய்திக்காகத் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தோம். அந்த நடையைப் பற்றி அதற்கு முன் நீங்கள் என்னிடம் கதைத்ததில்லை. பின்பும் கதைத்ததில்லை. மகள் காதில் இருந்ததைக் கழற்றியிருந்தாள். நீங்கள் ஒரு படுக்கை விரிப்பின் நுனியை அவளிடம் நீட்ட, அவள் பிடித்தாள், இருவருமாக மடித்தீர்கள்.

அந்த மாரி முழுவதும் விளக்குக் கம்பங்கள் போட்ட காட்டுத் தடத்தில் தாயும் மகளுமாகப் போய் வந்தீர்கள். ஏற்றத்தில் எப்படிக் காலை அகட்டி வைப்பது, இறக்கத்தில் எப்படிக் குனிவது என்று அவள் சொல்லித் தந்தாள். பொறுமையில்லாமல்தான் சொல்லித் தந்தாள். உங்கள் வீட்டு யன்னலில் இருந்தபடி, “அம்மா, முழங்காலை மடக்கச் சொன்னனான் எல்லே,” என்று அவள் கத்துவது சில நாள் எனக்கும் கேட்கும், நீங்கள் சரிவில் தனியாக நிற்பீர்கள்.

இரண்டாவது ஓட்டத்திலும் நீங்கள்தான் கடைசி. ஆனால் ஸ்கூட்டர் புறப்படுவதற்கு முன் வந்துவிட்டீர்கள். ஒலிபெருக்கியில் உங்கள் பெயரைப் பிழையாகவும் நேரத்தைச் சரியாகவும் வாசித்தார்கள். மணிக்கூட்டுக்காரர் கையுறையைக் கழற்றிவிட்டுக் கை கொடுத்தார். மகள் உங்கள் கட்டைகளையும் தன் தோளில் வைத்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு முன்னால் நடந்தாள்.

அதற்குப் பிறகு உங்களுக்கு இரண்டு மாரிதான் கிடைத்தது. வயிற்றில் வந்த நோய் வேகமாகப் பரவியது. ஆஸ்பத்திரிக்கு வந்த என் கணவருக்கு நோயைப் பற்றிக் கதைக்கத் தெரியவில்லை.

“அக்கா, உங்கடை சாதனை அப்பிடியே இருக்கு. ஒருத்தரும் தொடேல்லை.”

“அதை நீரே வைச்சிரும்,” என்றீர்கள். “எனக்கு ரெண்டாவது நேரம் போதும்.”

இவர் இப்போதும் அந்த விவாதத்தை விடவில்லை. புதிதாக யார் வந்தாலும் ஈட்டியைச் சொல்லி, பிறகு உங்களைச் சொல்வார். முன்பெல்லாம் சிரிப்பை எதிர்பார்த்து நிறுத்துவார். இப்போது நிறுத்தாமல் இரண்டாவது ஓட்டத்தையும் சொல்லி முடிக்கிறார். விதி மாறும் வரைக்கும் அவர் சொல்வது சரிதான், நான் மறுப்பதில்லை.

நான் இன்னும் கட்டையில் ஏறவில்லை. ஏறப்போவதும் இல்லை. ஆனால் நீங்கள் போன பிறகு ஒவ்வொரு மாரியும் அந்த ஓட்டத்துக்குப் போகிறேன். நேரம் பார்க்காத பிரிவு முடியும் இடத்தில் மணிக்கூடு கிடையாது, அதனால் அங்கே ஒருவரும் நிற்பதில்லை. நான் நிற்கிறேன். புறப்பட்ட நேரத்தை என் கைக்கடிகாரத்தில் பார்த்து வைத்துக்கொள்வேன். போன மாரி கடைசியாக வந்தவர் ஒரு சோமாலியப் பெண், என் வயதிருக்கும். பாவாடையின் கீழ்ப்பகுதி நனைந்து உறைந்திருந்தது. அவருடைய நேரத்தைச் சொன்னேன். இந்தப் பிரிவுக்கு நேரம் பார்ப்பதில்லை என்று சொன்னார்களே என்றார்.

“நான் பார்த்தேன்,” என்றேன்.

இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் போனை எடுத்து, வீட்டில் இருந்த யாருக்கோ, தன் மொழியில் அந்த நேரத்தை மெதுவாகச் சொன்னார்.